ஹசலக்க காமினியும் எங்க லயத்துல ஒளிஞ்சிருந்த ஆமிக்காரனும்

கண்டியில இருந்து மஹியங்கனைக்கு போற ஏ26 ரோட்டுல தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடதும்பர எல்லாம் தாண்டினா பதினெட்டு வளைவு வரும், பஸ்ல எறங்கி போறப்ப காது ரெண்டும் அடைச்சுக்கும், மேல பனியும் குளிருமா இருந்த காத்து ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சங் கொஞ்சமா சூடாகி கடைசில ஸ்வெட்டர கழட்டி மடில வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்போம். கீழ பாத்தா மினிப்பே பக்கத்து வயலும் மகாவலியும் தெரியும். அந்த எறக்கம் முடியுற எடத்துல இருக்கிற ஊருதான் ஹசலக்க. எங்க தேயிலைத் தோட்டம் ஹுன்னஸ்கிரிய பக்கம், தோட்டத்து ஆளுங்க வரிசையா இருக்கிற சின்னச் சின்ன வீட்டுக்குத் தான் லயம்னு பேரு. எங்களுக்கு ஹசலக்கன்னா "கீழ நாடு", மாங்கா, பூசணிக்கா, குரக்கன் மாவு எல்லாம் அங்கிருந்து தான் வரும்.

அந்த ஊருக்காரர் தான் கோப்ரல் காமினி குலரத்ன. சிங்களத்துல ஹசலக்க வீரயான்னு சொல்லுவாங்க. இலங்கை ஆமில குடுக்கிற ஆகப் பெரிய பதக்கம் பரம வீர விபூஷணய, அத முதல் முதலா வாங்கினவர் அவர் தான், அதுவும் செத்ததுக்கு அப்புறம். 1966 ஜூலை 4 பொறந்தவர், 1991 ஜூலை 14 ஆனையிறவுல செத்தாரு. இருபத்தஞ்சு முடிஞ்சு பத்தே நாள்.

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் இது. எழுத ஒக்காந்தா ரெண்டு பக்கமும் திட்டு விழும்னு தெரியும். நம்ம ஆளுங்க "நீ ஏன்டா ஆமிக்காரன பத்தி எழுதுற"ன்னு கேப்பாங்க, அந்தப் பக்கம் "வீரர பத்தி எழுதிட்டு புலிய ஏன்டா உள்ள இழுக்குற"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். ஹசலக்க எங்க வீட்டுல இருந்து ஒரு பஸ் தூரம். அந்தப் பையன் கதை எனக்கு பத்து வயசுல இருந்து தெரியும், எங்க சித்தி மகன் கதையும் தெரியும், ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கிட்டு இருக்க எனக்கு முடியல.

மொதல்ல நடந்தத சொல்லிடுறேன், இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது தெரியாது.

1991 ஜூலை 10 புலிங்க ஆனையிறவு காம்ப சுத்தி வளைச்சாங்க. யாழ்ப்பாணத்துக்கு தரை வழியா போக ஏ9 ரோட்டுல இருக்கிற வாசல் அது, ரெண்டு பக்கமும் கடல் தண்ணி, உப்பளம், மரம் மட்டைன்னு ஒண்ணும் இல்லாத வெட்ட வெளி. உள்ள இருந்தது சிங்க ரெஜிமென்டோட 6ஆவது பட்டாலியன், 800 பேரளவு. புலிங்க அதுக்கு ஆகாய கடல் வெளிச் சமர்னு பேரு வச்சாங்க, அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்து அடிக்கிற கெரில்லா சண்டையா இருந்தது அன்னைக்கு தான் நேருக்கு நேரா நின்னு சண்டை போடுற ராணுவமா மாறிச்சுன்னு சொல்லலாம். மண்ணு தள்ளுற புல்டோசர் இருக்கு இல்லையா, ரோடு போட கொண்டு வர்ற அதே மிஷின் தான், அதுக்கு சுத்தி வர இரும்புத் தகடு அடிச்சு வெல்ட் பண்ணி, உள்ள ஆளுங்கள ஏத்தி, அத முன்னால விட்டு பின்னால வந்தாங்க. துப்பாக்கிச் சூடு அதுல பட்டு தெறிச்சு போச்சு. மண் அணைய ஒடைச்சுக்கிட்டு அது காம்புக்குள்ள எறங்கிட்டா பின்னால வர்ற கூட்டத்த தடுக்க ஏலாது, உள்ள இருக்கிற அத்தனை பேரும் முடிஞ்சான்.

அப்ப காமினி தன்னோட எடத்த விட்டு எழும்பி, ரெண்டு கையிலயும் கிரனேட்டோட வெட்ட வெளியில ஓடி, சூடு பட்டும் நிக்காம, புல்டோசர்ல ஏறி உள்ள கிரனேட்ட போட்டாரு. புல்டோசர் நின்னுச்சு. காமினியும் செத்தாரு, உள்ள இருந்தவங்களும் செத்தாங்க.

அதே 14ஆம் தேதி தான் வெத்திலைக்கேணி கரையில ஆமி எறங்க ஆரம்பிச்சது, பலவேகய ஒப்பரேஷன், 10,000 பேரளவு, அதுவரைக்கும் இலங்கையில நடந்ததுல ஆகப் பெரிய கடல் வழி தரையிறக்கம். டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரத்ன ரெண்டு பேரும் தலைமை. வெத்திலைக்கேணில இருந்து ஆனையிறவுக்கு பத்து பன்னெண்டு கிலோமீட்டர் தான் இருக்கும், அத கடக்க கிட்டத்தட்ட மூணு கிழமை ஆச்சு. ஆகஸ்ட் முதல் வாரத்துல தான் காம்ப்ல இருந்தவங்கள போய் சேந்தாங்க. புலிங்க பக்கம் ஐந்நூறுக்கு மேல, ஆமி பக்கம் 200 பேரளவு போனாங்க. அத்தனை பேருல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பேரு காமினி.

எங்க தோட்டத்துல அந்த ஜூலை எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். ஜூலைன்னாலே எங்கப்பாவுக்கு 83 கலவரம் தான். வடக்குல ஆமிக்கு அடி விழுந்தா மலையில நமக்கு அடி விழும், இது அவரு அனுபவத்துல படிச்சது. வடக்குல யாரு யாரோட சண்டை போட்டாலும் எங்க லயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்க எடமே இல்ல. ராத்திரி ஆனா அப்பா ரேடியோவ கம்பளிக்குள்ள வச்சுக்கிட்டு பிபிசி தமிழோசை கேப்பாரு, சத்தம் பக்கத்து காம்பிராவுக்கு, அதான் பக்கத்து ரூமுக்கு, கேக்கக் கூடாது, கேட்டாலும் பக்கத்து காம்பிராக்காரரும் அதே மாதிரி கம்பளிக்குள்ள அதையே தான் கேட்டுக்கிட்டு இருப்பாரு. பகல்ல டவுனுக்கு போறதா இருந்தா ஐடென்டி காட், தோட்டத்து கடுதாசி ரெண்டும் சட்டைப் பையில இருக்கணும். அம்மா ஒரு துணி மூட்டைய கதவுக்கு பின்னால கட்டியே வச்சிருந்தாங்க, திடீர்னு ஓட வேண்டி வந்தா தேயிலைக்குள்ள ஓடி மேல் மலை காட்டுக்கு போயிடணும்னு எங்களுக்கு சொல்லி வச்சிருந்தாங்க. 77லயும் 83லயும் அப்படி ஓடினவங்க அவங்க.

அந்த வருஷம் ஒண்ணும் நடக்கல. ஆனா ரோட்டுல வெள்ளக் கொடி கட்டத் தொடங்கினாங்க. சிங்கள ஊர்ல யாராவது செத்தா ரோட்டு ஓரம் பூரா சின்னச் சின்னதா வெள்ளத் துணி கட்டுவாங்க. அதுக்கு முன்னாடியும் பாத்திருக்கோம், வயசானவங்க செத்தா கட்டுறது. அந்தக் காலத்துல கட்டினதெல்லாம் சின்ன வயசுப் பையங்களுக்கு, பெட்டி சீல் பண்ணி வரும், தொறக்கக் கூடாதுன்னு ஓடர். ஸ்கூல் விட்டு வர்றப்ப ஆமி ட்ரக்ல பெட்டி போறத பாத்து நாங்க ரோட்டு ஓரமா ஒதுங்கி நிப்போம். சந்தோஷமா இருந்துச்சான்னு கேட்டா இல்ல. பயமா இருந்துச்சான்னு கேட்டா, ஆமா.

எங்க வீட்டுக்கு ஹசலக்கயில இருந்து ஒரு மாமா வருவாரு. சிங்களவர். சம்பள நாள்ல சாக்குல பூசணிக்கா, தேங்கா, குரக்கன் மாவு எல்லாம் கொண்டு வந்து லயம் லயமா விப்பாரு, காசு இல்லாதவங்களுக்கு அடுத்த சம்பளத்துக்கு கடன். வித்து முடிச்சதும் எங்க வீட்டு இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, ஒக்காந்து பிளேன்டீ குடிச்சிட்டு அப்பாவோட வெத்தல போட்டுட்டு தான் கடைசி பஸ்ஸுக்கு போவாரு. அம்மாவ அக்கேன்னு கூப்பிடுவாரு, என்ன புத்தான்னு, அதாவது மகனேன்னு. அவரு தமிழ் கொஞ்சம், எங்கப்பா சிங்களம் நல்லா. அந்த ஜூலை சம்பளத்துக்கு அவரு வரல. ஆகஸ்டுலயும் வரல. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா சம்பள நாள்ல சாயந்தரம் வரைக்கும் இஸ்தோப்புல ஒக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு.

செப்டம்பர்ல வந்தாரு. சாக்க எறக்கி வச்சிட்டு தண்ணி கூட குடிக்கல, மொதல்ல பேசினதே காமினிய பத்தி தான். "அபே கமே கொல்லெக்"னு ஆரம்பிச்சாரு, எங்க ஊரு பையன்னு. ஊரே அழுததாம், பெரிய பெரிய ஆளெல்லாம் வந்தாங்களாம், தெரியாத ஊர்ல இருந்து பஸ் புடிச்சு வந்தாங்களாம். சொல்றப்ப அவருக்கு பெருமையும் இருந்துச்சு, தொண்டையும் அடைச்சுச்சு. அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசில "பாவம், அந்தப் பையன பெத்தவ"ன்னு மட்டும் சொன்னாரு. அம்மா அடுப்படியில இருந்து வந்து தேத்தண்ணிய வச்சிட்டு நின்னாங்க. அவங்க தங்கச்சி குடும்பம் அப்ப கிளிநொச்சில. தங்கச்சி மகன் இயக்கத்துக்கு, அதான் புலிங்ககிட்ட, போயிட்டான்னு ஒரு சேதி எப்படியோ வந்திருந்த நேரம். அது எங்க வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. அம்மா அன்னைக்கு அந்த மாமாவுக்கு ரெண்டாவது கோப்பை தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க, அவ்வளவு தான் அவங்களால செய்ய முடிஞ்சது.

அந்த மாமாவுக்கு ஒரு மகன். காமினி செத்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கத்து பையங்க நெறைய பேரு ஆமில சேந்தாங்க, இவனும் போனான். வீரம் ஒரு காரணம். வேற என்ன வேலை இருக்குங்கிறது அத விட பெரிய காரணம், ஒரு ஏக்கர் வயல்ல மூணு அண்ணன் தம்பி. வருஷம் 93 இல்லாட்டி 94. ஒரு தடவ லீவுல அப்பாவோட எங்க தோட்டத்துக்கும் வந்தான், சிவில் உடுப்புல தான், முடி வெட்டின விதத்துலயே தெரிஞ்சு போச்சு, லயத்துல இருந்தவங்க ஒவ்வொருத்தரா உள்ள போயிட்டாங்க.

96 ஜூலையில முல்லைத்தீவு காம்ப் விழுந்துச்சு. ஆயிரத்துக்கு மேல ஆமிக்காரங்க செத்தாங்க. அதுக்கு அப்புறம் லீவுல வந்த பையங்க நெறைய பேரு திரும்பிப் போகல. மிலிட்டரி பொலிஸ் ஊர் ஊரா வந்து தேட ஆரம்பிச்சாங்க, வீட்டுல அவன் இல்லாட்டி அப்பாவ புடிச்சு வச்சு விசாரிக்கிறது, தம்பிய கொண்டு போறது.

ஒரு நாள் ராத்திரி ஹசலக்க மாமா மகனோட வந்து கதவ தட்டினாரு. சம்பள நாளும் இல்ல, கையில சாக்கும் இல்ல. அப்பாவும் அவரும் இஸ்தோப்புல நின்னு ரொம்ப நேரம் மெதுவா பேசினாங்க. உள்ள வந்து அப்பா அம்மாகிட்ட சொன்னது இது தான்: "கொஞ்ச நாளைக்கு இந்தப் பையன் இங்க இருப்பான். தமிழன் லயத்துல ஆமிக்காரன தேட மாட்டாங்க."

இத நான் இப்ப எழுதுறப்பவும் எனக்கு ஆச்சரியமா தான் இருக்கு. அந்த நேரத்துல மலையகத்து இளந்தாரிங்கள சந்தேகத்துல புடிச்சு மாசக்கணக்கா, வருஷக்கணக்கா பயங்கரவாதத் தடைச் சட்டத்துல போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பையன் எங்க வீட்டுல மாட்டினா எங்கப்பா கதை என்ன ஆகும். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. கோழிக் கூட்டுக்கு பக்கத்துல வெறகு அடுக்கி வைக்கிற சின்ன காம்பிராவ கூட்டி, சாக்கு விரிச்சு, மேல எங்க நல்ல கம்பளிய போட்டுக் குடுத்தாங்க. கேட்டவங்களுக்கு மரம் அறுக்க வந்த பையன்னு சொன்னோம். லயத்துல இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தரும் வாய தொறக்கல.

அவன் பகல்ல தூங்குவான், ராத்திரி முழிச்சிருப்பான். சாப்பாடு குடுத்தா தட்ட கழுவி வச்சிட்டு தான் போவான். எங்க லயத்துக்கு மேல பேக்டரிக்கு போற ரோடு, அந்த ஏத்தத்துல கொழுந்து லொறி ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டே ஏறும், அந்தச் சத்தம் வந்தா அவன் எழும்பி சொவத்துல முதுக வச்சு ஒக்காந்துருவான். லொறி மேல போய் சத்தம் அடங்குற வரைக்கும் அப்படியே இருப்பான். நான் ஒரு தடவ அத பாத்துட்டு அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மா அடுத்த நாள்ல இருந்து லொறி வர்ற நேரம் பாத்து அவனுக்கு தேத்தண்ணிய கொண்டு போய் குடுத்துட்டு அங்கேயே நிப்பாங்க, எதையாச்சும் பேசிக்கிட்டு, அவங்க தமிழ் அவனுக்கு பாதி புரியாது.

அவன் வேல செஞ்சது ஆனையிறவுல தான். எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, கேக்கக் கூடாதுன்னு தெரியாத வயசு, கேட்டேன். கொஞ்சங் கொஞ்சமா சொன்னான். உப்புக் காத்துல எல்லாம் துரு புடிச்சுப் போகும்னு சொன்னான், துப்பாக்கிய ஒவ்வொரு நாளும் தொடைக்கணும், பெல்ட்டு பக்கிள் கூட துரு. குடிக்கத் தண்ணி இயக்கச்சி கெணத்துல இருந்து வரணும். பகல்ல வெயில் உப்பு மேல பட்டு கண்ண தொறக்க ஏலாது. எங்க ஊரு பீலித் தண்ணிய குடிச்சிட்டு அவன் சிரிச்சத இப்பவும் சொல்லலாம், மொகத்த பூரா நனைச்சுக்கிட்டு, வாய தொறந்து பீலிக்கு அடியிலயே நின்னான்.

காமினிய பத்தி கேட்டேன். புல்டோசர் அங்க தான் இருக்கு, அத தாண்டித் தான் போவோம் வருவோம்னான். "எல்லாரும் ஓடினவன பத்தியே கேக்குறாங்க தம்பி, அன்னைக்கு பங்கருக்குள்ள இருந்து அவன் ஓடுறத பாத்துக்கிட்டு இருந்தவங்க எத்தனை பேரு உசுரோட இருக்காங்க, அவங்கள ஒருத்தனும் போய் கேக்கல, நீ எப்படிடா தூங்குறன்னு." அவனுக்கு சீனியர் ஒருத்தர் அந்த 800 பேருல இருந்தவராம். ஜூலை வந்தா அவரு யாரோடயும் பேச மாட்டாராம்.

பதக்கம் ஒரு மனுசனோட கடைசி கொஞ்ச நிமிசத்த பத்தி தான் பேசும். அந்த நிமிசம் பெருசு தான், நான் அத கொறைச்சுப் பேச வரல. ஆயுதம் தூக்கின எல்லா ஊர்லயும் அந்த மாதிரி ஓடுறவன் கோடில ஒருத்தன். தன்னோட இருந்தவங்கள காப்பாத்த தான் செத்தாருங்கிறதுல எனக்கு ஒரு சந்தேகமும் கெடையாது, அதுக்கு தலை வணங்குறதுல வெக்கமும் கெடையாது. ஆனா ஹசலக்கயில இருந்து ஒரு இருபத்தஞ்சு வயசுப் பையன ஆனையிறவு உப்புக்குள்ள கொண்டு போய் நிறுத்தினது எதுன்னு பதக்கம் சொல்லாது. அத சொல்ல வேண்டியவங்க நாம.

இனி சித்தி கதை. சித்தி குடும்பம் கிளிநொச்சிக்கு போனது 77 கலவரத்துக்கு அப்புறம். இது அவங்க ஒருத்தர் கதை இல்ல. 48ல இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு வந்த எங்க சனத்தோட குடியுரிமைய பறிச்சாங்க, 64ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்கன்னு எங்கள பங்கு போட்டாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்த அப்புறமா பாத்துக்கலாம்னு வச்சாங்க. 77லயும் 81லயும் 83லயும் லயத்த கொளுத்தினப்ப இனி மலையில இருக்க ஏலாதுன்னு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுன்னு ஆயிரக்கணக்குல போனாங்க. காந்தியம் மாதிரி அமைப்பு சில பேர குடியமத்துச்சு, மத்தவங்க தாங்களாவே காட்ட வெட்டி ஒக்காந்தாங்க. மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம்னு கிளிநொச்சி பக்கம் இருக்கிற ஊருங்கள்ல நம்ம சனம் தான் அதிகம். அங்க போயும் "தோட்டக்காட்டான்"ங்கிற பேரு விடல. குளத்துத் தண்ணி பாயுற நல்ல காணி முன்னமே இருந்தவங்களுக்கு, இவங்களுக்கு மேட்டுக் காணி, அதுக்கும் பத்திரம் கெடையாது. தேயிலை மட்டும் தான் இல்ல, மத்தபடி கூலி அதே கூலி.

அந்த ஊருங்கள்ல இருந்து இயக்கத்துக்கு போன பிள்ளைங்க நெறைய. சித்தி மகனும் போனான். பதினேழு வயசு. 93 நவம்பர்ல பூநகரில செத்தான். செத்த புலிங்கள பொதைக்கிற கனகபுரம் துயிலுமில்லத்துல கல்லு வச்சாங்க. அவன் செத்தது அம்மாவுக்கு தெரிய வந்தப்ப அடுத்த வருஷம் ஆயிடுச்சு, வவுனியா வழியா வந்த ஒருத்தர் கையில நாலா மடிச்ச கடுதாசி. அம்மா சத்தம் போட்டு அழக் கூட ஏலல, லயத்துல சொவத்துக்கு சொவரு காது. தலவலின்னு சொல்லிட்டு கொழுந்து எடுக்க போகாம படுத்திருந்தாங்க.

இத எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு தான் 96ல ஒரு ஆமிக்காரனுக்கு நல்ல கம்பளிய குடுத்தாங்க எங்கம்மா. ஏன்னு நான் கேட்டதில்ல. அவங்க இப்ப இல்ல. அவனும் எங்க சித்தி மகனும் வயசுல ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன தான்.

சண்டை முடிஞ்சு ரோடு தொறந்தப்புறம் நான் சித்திய பாக்கப் போனேன். அவங்க சண்டையில எடம் பெயந்தவங்கள வச்சிருந்த மெனிக் ஃபாம் முகாம்ல இருந்துட்டு ஊருக்கு திரும்பி தகரக் கொட்டில்ல இருந்த நேரம். அடுத்த நாள் யாழ்ப்பாணம் போற வழியில ஆனையிறவுல எறங்கினேன். அந்த எடம் 2000 ஏப்ரல் 22 புலிங்க கைக்கு போயி, 2009 ஜனவரியில திரும்ப ஆமி கைக்கு வந்த எடம், ரெண்டு பக்கமும் எத்தனை பேரு அந்த உப்புல கெடக்காங்களோ. நாட்டு வரைபடத்த கைங்க ஏந்தி நிக்கிற மாதிரி பெரிய நினைவுச் சின்னம் ஒண்ணு கட்டியிருக்காங்க. புல்டோசர் தனியா, ரோட்டோரம். தெற்குல இருந்து சுத்திப் பாக்க வந்தவங்க பஸ் பஸ்ஸா எறங்கி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க, கொழந்தைங்க கையில பலூன்.

நான் கிட்டப் போய் பாத்தேன். வெல்ட் அடிச்ச கோடு ஒரு பக்கம் நேரா இருக்கு, இன்னொரு பக்கம் கோணலா, அவசரத்துல பண்ணின மாதிரி. யாரோ ஒரு கராஜ்காரன் அடிச்சிருப்பான், கொஞ்ச நாளைக்கு முன்னாடி அதே கையால ட்ரெக்டர் பெட்டிக்கு தகடு அடிச்சவனா இருப்பான். உள்ள எவ்வளவு எடம்னு பாத்தா ரொம்ப சின்னது. அந்தச் சூட்டுல, அந்த எஞ்சின் சத்தத்துல, வெளிய ஒண்ணும் தெரியாம, ஒரு ஓட்டை வழியா பாத்துக்கிட்டு சில பேரு உள்ள இருந்திருக்காங்க. அவங்களுக்கும் வயசு இருபது, இருபத்தி ரெண்டு தானே இருக்கும். காமினிக்கு அவங்க மொகம் தெரிஞ்சிருக்காது, அவங்களுக்கு காமினி மொகம் தெரிஞ்சிருக்காது. காமினி பேர படிச்சிட்டு அத்தனை சனமும் கும்புட்டாங்க, நானும் கும்புட்டேன், மனசார. உள்ள இருந்தவங்கள யாரும் நெனைக்கல. அங்க நின்னுக்கிட்டு அவங்களுக்காகவும் கும்புடணும்னு எனக்கு இருந்துச்சு, சுத்தி வர யூனிபோம்ல ஆளுங்க, பயத்துல கைய எறக்கிட்டேன். என்ன பயம், கும்புடுறதுக்கு. ஆனா பயந்தேன்.

சித்தி வீட்டுக்கு திரும்பி வந்து சொன்னேன், இந்த மாதிரி ஹசலக்க பையன் ஒருத்தருக்கு அங்க வச்சிருக்காங்கன்னு. சித்தி கேட்டாங்க, "நம்ம ஊருக்கு கீழ இருக்கிற ஹசலக்கயா?" ஆமான்னேன். "பூசணிக்கா கொண்டு வர்ற ஐயா ஊரா?" அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி லயத்துல இருந்தப்பவும் அந்த மாமா வந்திருக்காரு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்தப் பையன பெத்தவளுக்கு மகன் பேரு சொல்ல ஒரு எடம் இருக்கு"ன்னாங்க. பொறாமையில சொல்லல அத.

அவங்க மகன் கல்லு கனகபுரத்துல இல்ல. சண்டை முடிஞ்சப்புறம் துயிலுமில்லங்கள எல்லாம் புல்டோசர் போட்டு தள்ளிட்டாங்க, ஒண்ண கூட விடல. ஆனையிறவுல ஒரு புல்டோசருக்கு பூ வச்சு கும்புடுறாங்க, அங்கிருந்து கொஞ்சத் தூரத்துல புல்டோசர் விட்டு கல்லறைய கெளறியிருக்காங்க. இத எழுதுறப்ப என் கை நடுங்குது. செத்தவன் மேல என்ன கோவம். காமினி சண்டை போட்டது ஓடி வந்த மிஷினோட, உசுரோட இருந்த ஆளுங்களோட. மண்ணுக்குள்ள இருக்கிறவன தோண்டி எறியுறது வீரத்துல சேராது. அத செஞ்சவங்க காமினி பேரையும் சேத்து தான் கெடுத்தாங்கன்னு நான் நெனைக்கிறேன்.

போட்டோவும் இல்ல. யூனிபோம் போட்ட போட்டோ ஒண்ணு இருந்துச்சு, 2009 ஆரம்பத்துல தருமபுரத்துல இருந்து ஓடுறப்ப பொலித்தீன் பையில சுத்தி ஒரு பனை மரத்தடியில பொதைச்சிட்டு ஓடினாங்களாம், ஆமி செக் பண்ணினா மாட்டுவோம்னு. திரும்பி வந்து தேடினா பனையே இல்ல. இப்ப இருக்கிறது ஸ்கூல் போட்டோ ஒண்ணு தான், மூணாவது வரிசையில நிக்கிறான், மொகம் தீக்குச்சித் தலை அளவு. 2016ல இருந்து நவம்பர் 27, மாவீரர் நாள்ல, கனகபுரத்துல திரும்ப வெளக்கு ஏத்த விட்டப்ப சித்தி போய் ஒடைஞ்ச கல்லுத் துண்டு குவிச்சு வச்சிருந்த எடத்துல ஏத்தினாங்க. எந்தத் துண்டு யாரோடதுன்னு எப்படித் தெரியும்.

ஹசலக்க மாமா மகன் பொது மன்னிப்பு அறிவிச்ச ஒரு நேரத்துல போய் சரணடைஞ்சு, ஆமிய விட்டு விலகி, இப்ப அப்பா வயல தான் பாக்குறான். மாமா செத்தப்ப நான் போயிருந்தேன். ரோட்டுல வெள்ளக் கொடி, இந்தத் தடவ வயசான ஆளுக்கு. டவுன்ல காமினி சிலைய தாண்டித் தான் போகணும். அவன்கிட்ட சித்தி மகன பத்தி அன்னைக்கு தான் மொத மொதல்ல சொன்னேன். "நான் உங்க வீட்டுல இருந்தப்ப உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டான். தெரியும்னேன். அவன் எழும்பி வயல் பக்கமா போயிட்டான், ரொம்ப நேரம் கழிச்சு தான் வந்தான். வந்து, சித்தி நம்பர குடுன்னு கேட்டான். குடுத்தேன். பேசினானாம். ரெண்டு பேருக்கும் பாதி பாஷை, சித்தி சின்ன வயசுல தோட்டத்துல கேட்ட சிங்களம் இன்னும் கொஞ்சம் வச்சிருக்காங்க.

போன வருஷம் சித்தி மகனுக்கு மரண சர்டிபிகேட் எடுக்க அலைஞ்சாங்க, இத்தனை வருஷம் கழிச்சு, காணிப் பத்திரம் சம்பந்தமா குடும்பத்துல யாரு யாரு இருக்காங்கன்னு காட்ட வேண்டி வந்ததால. நான் லீவு போட்டு கூடப் போனேன். ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸ், கிராம சேவகர் கடுதாசி, சாட்சி ரெண்டு பேரு. போம்ல இறந்ததுக்கு காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கிளார்க் பிள்ளை தமிழ்ப் பிள்ளை தான், தன்மையா தான் பேசிச்சு, "அம்மா, ஏதாவது வருத்தம், நோய்னு போட்டா சுகமா முடிஞ்சிடும்"னு சொல்லிச்சு. சித்தி ஒத்துக்கல. பூநகரில சண்டையில செத்தான், அதையே எழுதுங்கன்னாங்க. அந்தப் பிள்ளை என் மூஞ்சிய பாத்துச்சு, நான் சித்தி சொல்றதையே எழுதுங்கன்னேன். அப்படின்னா மேல அனுப்பிக் கேக்கணும், லேட் ஆகும்னு சொல்லி போம வாங்கி வச்சிருக்காங்க. இன்னும் வரல. மாசத்துக்கு ஒருக்கா சித்தி போன்ல கேப்பாங்க, நான் அந்த ஆபீஸுக்கு அடிச்சு கேப்பேன்.